கோட்டை அல்ல, குழி!

தோழரே! கோட்டையைக் காட்டினால் கைதட்டுகிறோம். கொற்றவன் பெயரைச் சொன்னால் குதூகலிக்கிறோம். மண்ணில் கிடக்கும் குழியொன்றைக் காட்டி, "இதுவும் உன் வரலாறே" என்றால்? உதட்டைப் பிதுக்குகிறோம்!

நெல்லித்தோப்பு மாணவர் ஒருவர், புதிய கற்காலக் கட்டடங்களைப் பற்றிய தொல்லியல் சொற்பொழிவொன்றைக் கேட்டுவந்து சொன்னார்: "அரண்மனை காட்டுவார்கள் என்று போனேன், அண்ணே! கம்பம் நட்ட குழிகளைத்தான் காட்டினார்கள். ஆனால், அந்தக் குழிகள் என்னை உறங்கவிடவில்லை."

உறங்கவிடாததில் வியப்பென்ன? திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில், 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. கிடைத்தது பொற்குவியல் அன்று. தரையைத் தோண்டி அமைத்த குழி வீடுகள். கம்பம் நின்ற குழிகள். தேய்த்து மெருகிட்ட கற்கோடரிகள். கருகிய கொள்ளும் பச்சைப் பயறும்! அங்கே வாழ்ந்தவன் எந்தச் சாதி என்று மண் சொல்லவில்லை. உழைத்தான், உண்டான், கூரை வேய்ந்தான் என்று மட்டுமே சொல்கிறது.

தக்காணத்துச் சாம்பல் மேடுகளைக் கண்டவர்கள், அரக்கனை எரித்த சாம்பல் என்று கதை கட்டினர். 1957இல் ஆல்ச்சின் என்னும் அறிஞர், இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்நூரில் தோண்டினார். கண்டது என்ன? எரிந்த சாணம், தொழுவத்தைச் சுற்றி வேலியிட்ட கம்பங்களின் குழிகள், மாடுகளின் குளம்புத் தடங்கள். சுமார் 4,000 ஆண்டுப் பழைமை! அரக்கன் மறைந்தான், ஆயன் எழுந்தான்!

பிறர் புராணத்தைக் கேள்வி கேட்கும் நாம், நமக்கென ஒரு புராணம் புனையலாமா? மேடையிலே ஆயிரம் ஆண்டைக் கூட்டிச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், மெய் கிடைக்காது. சான்றில்லாப் பெருமை, எதிரியின் ஒரு கேள்விக்குத் தாங்காது.

நெல்லித்தோப்புக்குத் தெற்கே, நடந்துபோகும் தொலைவில் அரிக்கமேடு. 1945இல் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும் அகழ்ந்த இடம். அது கற்காலமன்று, உரோம வாணிகம் நடந்த காலம். ஆயினும் பாடம் ஒன்றே: மண்ணைக் காத்தால்தான் சான்று நிலைக்கும். பல்லாரிக்கு அருகே, புதிய கற்கால மக்கள் வாழ்ந்த சங்கனக்கல்லுக் குன்றுகளைக் கல்லுடைப்பு அரித்திருக்கிறது. நாலாயிரம் ஆண்டு நின்றதை நொறுக்க, ஒரு வெடி போதும்!

ஆகவே, கிளைத் தோழர்களே, ஒரு ஞாயிறன்று மாணவர்களை அழைத்துக்கொண்டு அரிக்கமேட்டுக்குச் செல்லுங்கள். உங்கள் ஊர் மேட்டிலே பழம் பானையோடு தென்பட்டால், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அரசன் தன் பெயரைக் கல்லில் வெட்ட ஆள் வைத்திருந்தான். குழி தோண்டிக் குடிசை போட்டவனுக்கு யார் இருக்கிறார்?

நாம் இருக்கிறோம் என்போம்!