விட்டுப் பிடிப்போம்: இழுவைமடித் தொழில் செய்வோர் கொள்கைப் பிரகடனம்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் விசைப்படகு வைத்திருப்பவர்களும் டிரைவர்களும், மடி கட்டும் தொழிலாளர்களும், ஏலக்களத்தில் மீன் எடுக்கும் பெண்களும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். இழுவைமடியை ஒழிக்க வந்தவர்கள் அல்லர் நாங்கள். எங்கள் வீட்டு உலை அதில்தான் கொதிக்கிறது. இன்றிருக்கும் மடியை வைத்துக்கொண்டு அந்த உலை வெகுகாலம் கொதிக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன் பெருகட்டும் என்று படகைக் கட்டிப்போடுகிறோம். தடை முடிந்து கடலுக்குப் போய் முதல் மடியை ஏற்றி, மீன் சேரும் கடைசிப் பையான வாலை அவிழ்த்துத் தட்டில் கொட்டிப் பாருங்கள். இறாலும் கணவாயும் ஒரு பக்கம் கொஞ்சம் கிடக்கும். மிச்சமெல்லாம் விரல் நீளச் சங்கரா, காரல் பொடி, நண்டுக் குஞ்சு, உடைந்த சிப்பி. சங்காயம் என்று கூடையில் அள்ளுகிறோம். கோழித் தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகிறது. இரண்டு மாதம் வருமானமில்லாமல் காத்திருந்து வளர்த்த மீனைக் கோழிக்குப் போடுகிறோம். சங்காயத்துக்கும் காசு கிடைக்கிறதே, அதுதான் கேடு.

எக்கோ சவுண்டர் வந்தது, ஜி.பி.எஸ். வந்தது, ஐதராபாத்திலிருந்து செயற்கைக்கோள் பார்த்து மீன் இருக்கும் இடம் சொல்லும் முன்னறிவிப்பும் வந்தது. வந்ததெல்லாம் இன்னும் பிடி என்றே சொல்லிக்கொடுத்தன. எதைப் பிடிக்காமல் விடுவது என்பதற்கும் கருவி உண்டு. அதை மடியில் ஏற்றுவதே எங்கள் கொள்கை.

முதலில் கண்ணி. வழக்கமான சாய்சதுரக் கண்ணி, இழுவை விழுந்ததும் நீளவாக்கில் இறுகி மூடிக்கொள்கிறது. கரையில் அளந்தால் 40 மில்லிமீட்டர் காட்டும். கடலடியில் குட்டி மீன் நுழைய வழியிருக்காது. அதே வலைத்துணியைத் திருப்பி வெட்டி, நூல் நெடுக்கும் குறுக்குமாக நிற்கும்படி வாலில் கட்டினால் கண்ணி சதுரமாகத் திறந்தே நிற்கும், குட்டிகள் தப்பிவிடும். மடி முழுவதையும் மாற்ற வேண்டாம், வாலை மாற்றினால் போதும். நம் ஊர் மடி கட்டுகிறவர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் ஒரு சாதனம் செய்தது. இறால் ஒரு வாலிலும் பெரிய மீன் இன்னொரு வாலிலும் சேரும். குட்டி மீன் வெளியே போய்விடும். 2005-இல் உலக இயற்கை நிதியம் நடத்திய போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. பரிசு வாங்கிய அந்தச் சாதனம் நம் துறைமுகங்களுக்கு வந்து சேரவில்லை.

அடுத்தது ஆமை. பங்குனி ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. மணிக்கணக்கில் இழுக்கும் மடிக்குள் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்தோம். மடிக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதன் மேலே ஒரு திறப்பு. ஆமை சட்டத்தில் முட்டி வெளியேறும், இறால் கம்பிகளுக்கிடையே வாலுக்குப் போகும். கொச்சி நிலையத்தின் சோதனைகளில் இறால் இழப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்தக் கம்பிச் சட்டம் இல்லாததால் 2019 முதல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. ஆமைக்காக வேண்டாம், விலைக்காகவாவது மாட்டுங்கள் என்று சொல்லவும் எங்களுக்குக் கூச்சமில்லை.

நான் மட்டும் விட்டால் பக்கத்துப் படகுக்காரன் பிடித்துக்கொள்வானே என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தனியாளால் பதில் சொல்ல முடியாது, ஆகவேதான் இயக்கம். சேருகிற படகு ஒவ்வொன்றும் சதுரக் கண்ணி வாலோடும் ஆமைச் சட்டத்தோடும் மட்டுமே கடலுக்குப் போகும். இரண்டு படகு சேர்ந்து இரட்டைமடி இழுப்பவர்களுக்கு இங்கே இடமில்லை. கரையோரக் கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. அதில் இழுக்க மாட்டோம். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. நல்ல கண்ணி கட்டிவிட்டோம் என்று சொல்லி எல்லை தாண்டிப் போய் வடக்கு மாகாண மீனவர் வலையை அறுப்பதற்கு இந்த இயக்கத்தின் பெயரை யாரும் பயன்படுத்தக் கூடாது.

அரசிடம் இரண்டு கேட்கிறோம். புதிய வாலுக்கும் ஆமைச் சட்டத்துக்கும் ஆகும் செலவில் பங்கு ஏற்க வேண்டும். கேரளத்தில் 2015 முதல் செய்வதுபோல மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் வைக்க வேண்டும். அங்கே மத்தி 10 சென்டிமீட்டருக்கும் அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் பிடிக்கக் கூடாது. படகில் மட்டும் சோதனை போட்டுவிட்டு மீன்மாவு ஆலையின் வாசலைத் திறந்துவைத்தால் எந்தச் சட்டமும் நிற்காது.

அடுத்த தடைக்காலத்தில் படகு கரையேறி, மடியைப் பிரித்துச் சீர் பார்க்கும்போது பழைய வாலை அவிழ்த்துவிட்டுச் சதுரக் கண்ணி கட்டுங்கள். ஜூன் 15 அன்று கிளம்பும் படகுகளில் உங்கள் படகும் எங்களோடு இருக்கட்டும்.