கதைக்கு வகுப்பு நடத்தினோம், கோட்டுக்கு நடத்தவில்லை

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் எடுக்கும் படங்களுக்குக் கணக்கு வழக்கில்லை. தானா ராத்தாவில் அறை எடுத்துத் தங்கி, காலையில் சுங்கை பாலாஸுக்கு வண்டியேறி, பச்சைச் சரிவைப் பின்னணியாக வைத்துப் படம் பிடித்து, ஒரு கோப்பைத் தேநீரும் குடித்துவிட்டு மலை இறங்குகிறார்கள். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்கள் இன்று மலேசியாவின் அஞ்சலட்டை முகம். அந்தச் சரிவுகளில் காடு திருத்திக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். ஆனால் படங்களில் அவர்கள் இருந்தால் தூரத்தில் முதுகில் கூடையோடு ஒரு புள்ளியாகத்தான் இருப்பார்கள். புகைப்படக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரே நிற்பதைத்தான் அது பிடிக்கும். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் தன் ஆட்களிடம் நடக்கிற நடை வேறு, துரை வரும்போது நடக்கிற நடை வேறு. கிராணி வீட்டு வாசலில் மட்டும் வளைகிற முதுகு ஒன்று உண்டு. சம்பள நாளன்று லயத்துக்குள் நுழையும் கடன்காரனைக் கண்டதும் கதவுகள் மூடும் வரிசை ஒன்று உண்டு. இவற்றைப் பிடிக்க ஒரு கேலிச்சித்திரக்காரர் வேண்டும். மலாய்க் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த கம்போங்கை, அதாவது மலாய்க் கிராமத்தை, நாடே அறியும். அதுபோல நாடறிந்த ஒரு தோட்டத்துச் சித்திரப் புத்தகம் நமக்கு ஏன் வாய்க்கவில்லை என்பதே இங்கே கேள்வி.

லாட்டின் ஊர் இந்த மலைக்கு அந்நியமான இடமில்லை. லாட் என்கிற முகமது நோர் காலிட் 1951-இல் பிறந்தது பேராக் மாநிலத்தின் கோப்பேங் பக்கத்துக் கிராமத்தில். ஈப்போவுக்கும் கோப்பேங்குக்கும் இடையிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்துதான் கேமரன் மலைக்கு ஒரு சாலை ஏறுகிறது. மலையின் அடிவாரத்தில் ஈயச் சுரங்கமும் ரப்பரும், மேலே தேயிலை. அடிவாரத்துப் பையனின் குழந்தைப் பருவம் 1979-இல் ‘தி கம்போங் பாய்’ என்று புத்தகமாகி, பிறகு தொலைக்காட்சித் தொடராகி, பல மொழிகளுக்குப் போனது. மேலே இருந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் கைவிரல் இல்லாமலா போயிற்று? இருந்தது. இல்லாமல் போனது உட்கார ஒரு பெஞ்சு.

லாட்டை ‘பிறவிக் கலைஞர்’ என்று சொல்லி முடித்துக்கொள்வது நமக்கு வசதி. பிறவியிலேயே வந்தது என்றால் அதற்கு யாரும் செலவு செய்ய வேண்டியதில்லை அல்லவா? ஆனால் அவர் உருவான விதத்தைப் பார்த்தால் ஒவ்வொரு படியிலும் வேறு யாரோ ஒருவர் நிற்கிறார். ஆரம்பப் பள்ளியில் ஒரு ஆசிரியை அவர் கோட்டைக் கவனித்தார். பட்டாம்பூச்சிக் கண்ணாடி அணிந்த அந்த ஆசிரியையைப் பின்னாளில் லாட் தன் சித்திரங்களில் நாடறியச் செய்தார். பதின்ம வயதில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் மூத்த கேலிச்சித்திரக்காரரும் முன்னாள் ராணுவ வீரருமான ரெஜாபாட். பள்ளி முடிப்பதற்கு முன்பே, 1968-இல், ஞாயிறு இதழான பெரித்தா மிங்குவில் ‘கெலுவார்கா சி மாமாட்’ என்ற அவருடைய தொடர் வரத் தொடங்கி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1970-இல் கோலாலம்பூருக்குப் போய் வேலை கேட்டபோது சித்திரக்காரர் இடம் காலியில்லை; குற்றச் செய்தி நிருபர் வேலை கொடுத்தார்கள். காவல் நிலையமும் பிணவறையுமாக அலைந்த அந்த ஆண்டுகள் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. நகரத்து மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள், எப்படிப் பொய் சொல்கிறார்கள் என்பதை மாதச் சம்பளத்தோடு படிக்கக் கிடைத்த பள்ளி அது. 1974-இல் ஹாங்காங்கின் ஏஷியா மேகசினில் சுன்னத்துச் சடங்கைப் பற்றிய அவர் சித்திரங்கள் வந்த பிறகு, நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அவருக்கென்று தனிப் பத்தி ஒதுக்கியது. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளிக்கும் அனுப்பிப் படிக்கவைத்தது. ஆசிரியை, மூத்தவர், ஞாயிறு இதழ், சம்பளம், பத்தி, படிப்பு. இத்தனையும் சேர்ந்துதான் ஒரு லாட்.

லாட் ஒருவரோடு இது நின்றுவிடவும் இல்லை. 1978-இல் ஜாபார் தாயிபும் நண்பர்களும் ‘கிலா-கிலா’ என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கினார்கள். அந்த அலுவலகம் ஒரு தலைமுறைக்குப் பட்டறையாக இருந்தது. ஊஜாங் அங்கிருந்து வெளியேறித் தன் பெயரிலேயே இதழ் கண்டார். சாபாய் என்ற புனைபெயரில் சபாரியா ஜாயிஸ் என்ற பெண் அங்கே வரைந்தார். அரசியல் சித்திரத்துக்காகப் பின்னாளில் சிறைவாசல் வரை போன ஸூனாரும் அந்த இதழில் வரைந்தவர்தான். ஒரு கேலிச்சித்திரக்காரரின் அன்றாடத்தை நினைத்தால் இப்படியொரு பட்டறையின் தேவை புரியும். விடிந்ததும் எல்லாப் பத்திரிகைகளையும் மேய வேண்டும். மதியத்துக்குள் ஐந்து யோசனை. அதில் மூன்றை ஆசிரியர் தள்ளுவார், ஒன்றை வக்கீல் தள்ளுவார். மிச்சமுள்ளதை மாலைக்குள் மையில் முடித்துக் கொடுக்க வேண்டும். மறுநாள் அதே ஓட்டம். பக்கத்து மேசையில் இதே பாடு படுகிற இன்னொருவர் இருந்தால்தான், ‘இந்த மூக்கு யாருடைய மூக்கு என்றே தெரியவில்லை’ என்று அச்சேறுவதற்கு முன் சொல்ல ஆள் கிடைக்கும். வாசகர் அதைச் சொல்லமாட்டார், பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு இது தெரியாத வித்தையுமில்லை. பாரதியார் ‘இந்தியா’ வார இதழில் 1906 முதலே கருத்துப்படங்களைப் போட்டார். ஆனந்த விகடனில் மாலி தான் வரைந்ததோடு நிற்காமல், கோபாலனைக் கோபுலு ஆக்கினார், சீனிவாசனைச் சில்பி ஆக்கினார். ஒருவர் கை மனிதர்களுக்கு, மற்றவர் கை கோயில் சிற்பத்துக்கு என்று பிரித்துப் பார்த்த கண் அவருடையது. அதைவிட நெருக்கமான உதாரணம் மலாயாவிலேயே இருக்கிறது. 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறுகதை எப்படி எழுதுவது என்று பத்திரிகையிலேயே பாடம் எடுத்து, வாசகர்களை எழுதவைத்துத் திருத்திய முயற்சி அது. மலேசியச் சிறுகதை வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வகுப்பைத் தாண்டிப் போக முடியாது. இரண்டே ஆண்டில் கு. அழகிரிசாமி அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்து, 1957 வரை இருந்து, இலக்கியக் கூட்டங்களால் இன்னொரு வட்டத்தை வளர்த்தார். எழுத்தாளர் சங்கம், சிறுகதைப் போட்டி, ஞாயிறு மலர் என்று அதற்குப் பிறகும் கதைக்குப் பெஞ்சு குறையவில்லை. அதனால்தான் தோட்டம் நம் கதைகளிலும் நாவல்களிலும் இருக்கிறது. கோட்டுக்கு அப்படியொரு வகுப்பு நடந்திருந்தால் சித்திரத்திலும் இருந்திருக்கும் என்பதே என் வாதம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது சட்டம் பற்றியது. அச்சகச் சட்டமும் தேச நிந்தனைச் சட்டமும் உள்ள நாட்டில் எந்தச் சிறிய பத்திரிகை துணியும் என்று கேட்பார்கள். பயம் கற்பனையல்ல. ஸூனார் 2010 செப்டம்பரில் தன் புத்தக வெளியீட்டு நாளன்றே கைதானார். 2015-இல் டுவிட்டர் பதிவுகளுக்காக ஒன்பது தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகளைச் சுமந்தார். ஆட்சி மாறிய பிறகு 2018-இல்தான் அவை கைவிடப்பட்டன. தமிழ்நாட்டுக் கதையும் இனிப்பானதில்லை: 1987-இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்த ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஆனால் இந்த மறுப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. கிலா-கிலாவும் லாட்டும் வேலை செய்தது இதே சட்டங்களின் கீழ்தான். பிரதமராக இருந்த மகாதீரையே ஆண்டுக்கணக்கில் வரைந்து, கடைசியில் அந்தச் சித்திரங்களைத் தனிப் புத்தகமாகவும் போட்டார் லாட். மேலும் தோட்டத்துச் சித்திரத்தில் பெரும்பங்கு அமைச்சரைப் பற்றியதாகவே இருக்காது. மாட்டுக்கொட்டகை, பால்வாடி, திருவிழா உபயக் கணக்கு, தாப்பா சாலை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே மலையேறும் மாப்பிள்ளை வீட்டார். இதற்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள். மலையில் அரசியலுக்கும் பஞ்சமில்லைதான். இந்தத் தொகுதியின் 2018 தேர்தல் முடிவு நீதிமன்றத்தில் செல்லாமல் போய், 2019 ஜனவரி இடைத்தேர்தலில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தொகுதியை விட்டுக்கொடுக்க, நாட்டின் முதல் ஓராங் அஸ்லி (பழங்குடி) நாடாளுமன்ற உறுப்பினர் கேமரன் மலையிலிருந்து போனார். ஒரு தமிழ்ச் சித்திரக்காரருக்கு அந்த ஒரு மாதம் ஒரு வருடத்துத் தீனி. அந்த வாய்ப்பைத் தவறவிட்டதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியுமா?

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் மூடிவிட்டது; எஞ்சிய நாளிதழ்கள் தாள் விலையோடு மல்லுக்கு நிற்கின்றன. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் சந்தை சிறியது என்பதாலேயே முடியாது என்றால், யாழ்ப்பாணத்துச் சிரித்திரன் எப்படி முடிந்தது? கரவெட்டிக்காரரான சி. சிவஞானசுந்தரம் பம்பாயில் வரையப் பழகி, இலங்கைக்குத் திரும்பி, தினகரனில் சவாரித்தம்பர் என்ற சித்திரப் பாத்திரத்தை உலவவிட்டு, 1963-இல் ‘சிரித்திரன்’ இதழைத் தொடங்கினார். மலேசியத் தமிழர் தொகையோடு ஒப்பிட்டால் அவருக்குக் கிடைத்த வாசகர் வட்டம் பெரிதல்ல; நடுவில் போர் வேறு. அப்படியும் அந்த இதழ் இடைநிற்றல்களோடு மூன்று பத்தாண்டுகளை எட்டியது. வடமராட்சிப் பேச்சும் வேலிச் சண்டையும் கோட்டில் பதிந்ததற்கு அந்த ஒரு மனிதரின் பிடிவாதம் காரணம். ஒரு மனிதரின் பிடிவாதத்தை நம்பி ஒரு சமூகம் இருக்கக் கூடாது என்பதற்கும் அதே சிரித்திரன்தான் சாட்சி. 1996-இல் அவர் மறைந்த பிறகு அந்த இடம் அப்படியே கிடக்கிறது.

வேறு சிலர், உழைத்துக் களைத்த சனத்தைக் கேலிப்படம் ஆக்குவதா என்று முகம் சுளிக்கலாம். தோட்டத்து மனிதர்களை வைத்து மேடை நாடகங்களும் சினிமாவும் செய்த மலிவான கிண்டலை நினைத்தால் அந்தச் சுளிப்பு நியாயமானதே. ஆனால் வெளியிலிருந்து பார்த்துச் சிரிப்பதற்கும் உள்ளேயிருந்து சிரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. லாட் வரைந்த கம்போங்கில் பிதுங்கிய வயிறும் நீண்ட பல்லும் கலைந்த தலையும் ஏராளம். மலாய்க்காரர் எவரும் அதை அவமானமாகக் கொள்ளவில்லை, தங்கள் வீட்டுப் படம் என்று சுவரில் மாட்டினார்கள். கண்ணீரும் கங்காணிக் கொடுமையும் மட்டுமே தோட்டம் என்று நம் எழுத்தில் பழகிப்போனதால், அங்கே மனிதர்கள் சிரித்தார்கள் என்பதே பேரப்பிள்ளைகளுக்குச் செய்தியாக இருக்கிறது.

இளையவர்கள்தான் கைப்பேசியில் வரைந்து போடுகிறார்களே என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று: விருப்பக்குறி மூக்கைத் திருத்தாது, சம்பளமும் தராது. தோட்டமே காலியாகிவிட்டது, இன்று கொழுந்து வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்தவரும் நேபாளியரும், இனி யாரை வரைவது என்பவர்களுக்குக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும். ‘தி கம்போங் பாய்’ வரையப்பட்டபோது லாட் கோலாலம்பூர்வாசி. புத்தகத்தின் முடிவில் பையன் ஈப்போவுக்குப் படிக்கக் கிளம்புகிறான். கிராமத்து நிலத்தை ஈயக் கப்பல் விழுங்கக் காத்திருக்கிறது. போய்க்கொண்டிருந்த ஊரை, போய்விட்ட ஒருவர் வரைந்த புத்தகம் அது. மலையை விட்டு ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் இறங்கிவிட்ட தோட்டத்துப் பிள்ளைகள் இன்று நிற்பது அதே தூரத்தில்தான். தாத்தா பிடித்த கத்தியை இன்று பிடித்திருக்கும் நேபாள இளைஞனையும் அவர்கள் சேர்த்து வரைந்தால், பழம்பெருமைக் கண்ணீரிலிருந்து அது நம்மைக் காப்பாற்றவும் கூடும்.

செய்யவேண்டியது பெரிய திட்டமல்ல. கதை வகுப்புக்கு ஆன செலவு, பத்திரிகையில் கொஞ்சம் இடமும் இரண்டு பேரின் நேரமும். ஞாயிறு மலரில் அரைப் பக்கம், வாரம் மூன்று சித்திரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை, தள்ளப்பட்ட சித்திரத்துக்கு ஏன் தள்ளினோம் என்று நாலு வரி. அந்த நாலு வரியை எழுத, கோடு தெரிந்த ஒருவர் வேண்டும். மலாய்ச் சித்திரக்காரர் ஒருவரை அழைத்தால்கூடத் தவறில்லை, மொழி தெரியாவிட்டாலும் மூக்கு தெரியும். சிறுகதைப் போட்டி வைக்கிற சங்கங்கள் பரிசுப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். தொகைக்கு வழி கேட்டால், தீபாவளி மலரைப் புரட்டினால் போதும். தலைவர்கள் கைகூப்பி நிற்கும் முழுப்பக்க வாழ்த்து விளம்பரங்கள் எத்தனை! அதில் ஒரு பக்கத்து வருமானத்தை இதற்கென்று ஒதுக்கி, அந்தத் தலைவரின் சித்திரத்தையே எதிர்ப்பக்கத்தில் போடச் சம்மதம் கேட்கலாம். மகாதீர் தாங்கிக்கொண்டதை நம்மவர்களும் தாங்கிக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். மாட்டேன் என்று மறுப்பவர் யாரென்று தெரிந்தால், முதல் வாரத்துச் சித்திரத்துக்கு விஷயம் கிடைத்துவிடும்.