ஒரு நாள் உடுப்பு

தை பிறந்துவிட்டால் தலைநகரில் வாழும் தமிழர் இல்லங்களில் கல்யாணப் பேச்சும் பிறந்துவிடும். கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் முன்பெல்லாம் சமையல்காரர், நாதஸ்வரம், ஊரிலிருந்து வருவோருக்கு ரயில் டிக்கெட் ஆகியவையே பெரிய கவலைகளாக இருந்தன. அண்மைக் காலத்தில் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. மணமகளின் தோழிகளும் சகோதரி முறை உள்ள பெண்களும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி உடை அணிந்து நிற்க வேண்டும் என்கிற புது மோஸ்தரே அது. மஞ்சள் பூசும் சடங்குக்கு ஒரு நிறம், மெஹந்திக்கு ஒரு நிறம், சங்கீத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று. இன்ன நிறம், இன்ன தினுசு லெஹங்கா என்று கைப்பேசியில் செய்தி வந்துவிடும். வாங்கிக்கொள்ள வேண்டியது அந்தந்தப் பெண்ணின் வீட்டார் பொறுப்பு.

இந்த உடைகள் பார்க்க நன்றாயில்லை என்பதே பல வீடுகளில் எழும் முதல் குறை. அது நியாயமான குறைதான். பத்துப் பெண்கள் இருந்தால் பத்து விதமான உடல்வாகும் பத்து விதமான மேனி நிறமும் இருக்கும். புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும் என்று ஒருவர் தேர்ந்தெடுக்கும் வெளிர் நிறம் எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும்? இரவில் நடக்கும் பஞ்சாபிக் கல்யாணத்துக்கென்று தைத்த ஜரிகைப் பாவாடை, விடியற்கால முகூர்த்தத்தில் ஹோமப் புகைக்கு நடுவே தரையில் உட்கார வசதியானதல்ல. டெல்லியின் தை மாதக் குளிரில் கையில்லாத ரவிக்கையுடன் பெண்கள் நடுங்கி நிற்பதையும், அதற்குமேல் ஸ்வெட்டர் போடக்கூடாது என்று படம் எடுப்பவர் தடுப்பதையும் பார்க்கும் பாட்டிமார்கள் தலையில் அடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

ஆனால், மோஸ்தர் மாறுவதையே குற்றம் என்று சொல்வதற்கில்லை. கல்யாண உடை எக்காலத்திலும் மாறாமல் இருந்ததில்லை. கூறைப் புடவை என்றால் மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்த புடவை என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. பின்னர் பல வீடுகளில் காஞ்சிபுரம் பட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மேனாட்டு மணமகளின் வெள்ளை உடையும் ஆதிகாலத்து வழக்கமல்ல. 1840-ல் விக்டோரியா ராணி வெள்ளை உடுத்தி மணந்துகொண்ட பிறகே அது பெரிதும் பரவியது. அவருடைய தோழியர் பன்னிருவரும் வெள்ளையே அணிந்தனர். தமிழ்க் கிறிஸ்தவ மணமகளின் வெள்ளைப் புடவையும் அந்த மேனாட்டு வழக்கத்தின் சாயலே. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், நலங்குடன் மெஹந்தியும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதில் கோபிக்க என்ன இருக்கிறது?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த உடைக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதே அது.

கல்யாண வீட்டார் மற்றவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பதே தமிழர் வழக்கம். நாத்தனாருக்குப் புடவை, மாமன்மாருக்கு வேஷ்டி, சம்பந்தி வீட்டாருக்கு மரியாதை என்று ஜவுளிக் கணக்கு நீளும். வசதி குறைந்த வீட்டிலும் நூல் புடவையாவது தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பார்கள். பிரிட்டனிலும் தோழியர் உடைக்கு மணமகள் வீட்டார் செலவழிப்பதே பழைய முறை. அமெரிக்காவில்தான் தோழியாக நிற்பவளே தன் உடையை வாங்கிக்கொள்கிறாள். ஒரே நாள் உடுத்திப் பெட்டியில் போட்ட அந்த உடைகளைப் பற்றி அங்கே வேடிக்கைப் பேச்சுகளுக்குக் குறைவில்லை. இங்குள்ள புது மோஸ்தரோ உடையை வடநாட்டிலிருந்தும் கணக்கை அமெரிக்காவிலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் பிடிக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு இரண்டு பெண்கள் இருந்தால், ஒரே கல்யாணத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் இதற்கே போய்விடும். கூலி வேலையிலும் வீட்டு வேலையிலும் காலம் தள்ளுவோர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூன் மாதத்தில் ஜங்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டபின் நரேலாவுக்குப் பெயர்ந்த குடும்பங்களுக்கு, கல்யாணத்துக்கு வந்துபோகும் செலவே பாரம். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் அதிகாரி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அங்கே ஏற்பட்ட சிநேகிதம் கல்யாணப் பந்தலில் ஒரு பாவாடைக்காக முறிவது எவ்வளவு வருந்தத்தக்கது! வாங்க இயலாத பெண் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். பரீட்சை என்பாள், உடம்பு சரியில்லை என்பாள், வராமலே இருந்துவிடுவாள். மணமகளுக்கும் உண்மைக் காரணம் தெரியாமலே போகும்.

1967-ல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டம், உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்கிறது. நண்பர்கள் அங்கே சாட்சிகள், பந்தல் அலங்காரம் அல்லர். 1942-ல் அலகாபாத்தில் இந்திரா காந்தி மணந்துகொண்டபோது உடுத்தியது, தந்தை நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த கதர்ப் புடவை. அதன் பெருமை அதை நூற்ற கையால் வந்தது, விலையால் வந்ததல்ல.

வழி ஒன்றும் கடினமானதல்ல. ஒரே மாதிரி உடை வேண்டும் என்று விரும்பும் வீட்டார் தாங்களே வாங்கிக் கொடுக்கட்டும். அது இயலாதென்றால் நிறத்தை மட்டும் சொல்லி, அவரவரிடம் இருப்பதை உடுத்தி வரச் சொல்லட்டும். கோ-ஆப்டெக்ஸ் போன்ற கைத்தறிக் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் புடவையாக இருந்தால், பிறகு ஆபீசுக்கும் கோயிலுக்கும் உடுத்தலாம், நெசவாளிக்கும் பிழைப்பு. லெஹங்காதான் வேண்டும் என்போர், வாடகைக்குக் கொடுக்கும் கடைகளைத் தலைநகரில் தேடி அலைய வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "எதை உடுத்தி வந்தாலும் நீ வந்தால் போதும்" என்ற வார்த்தை மணமகளின் வாயிலிருந்தே வரவேண்டும். பெற்றோர் அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்வது நல்லது.

இருபது ஆண்டு கழித்துக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது, எல்லோரும் ஒரே நிறத்தில் நின்றார்களா என்று எவரும் பார்க்கப்போவதில்லை. யார் யார் வந்திருந்தார்கள் என்றுதான் கண் தேடும்.