புதுத் துவக்கு, பழைய பேர்

சிட்னியில் இருக்கிற பெரியம்மாவின் மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மேசையில் ஒரு நெடுந்துவக்கு. எண்ணெய் பூசிய மரம், கறுப்பு இரும்பு, பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. கீழே ஒரு வரி: "தம்பி, லீ-என்ஃபீல்ட். ஆனா பழசில்லை, பிறகு செய்தது. கழகத்தில ஒராள் விக்கிறார். வாங்கட்டோ?"

நான் என்ன துவக்கு நிபுணனா? பப்ஜியில் கார்98கே எடுத்து ஆரையாவது தூரத்தில் இருந்து விழுத்தியதைத் தவிர எனக்கு இந்த விசயத்தில் அனுபவம் இல்லை. ஆனால் அண்ணா கேட்டது துவக்கைப் பற்றி இல்லை என்று பிறகுதான் விளங்கியது. முதல் இரண்டு நாளும் நான் துவக்கைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். வாசித்ததில் எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது. அதை எழுதுகிறேன்.

லீ-என்ஃபீல்ட் என்ற பேர் தெரியாதவர்களுக்கும் 'திரி நொட் திரி' தெரிந்திருக்கும். வீட்டில் வயது போன ஆரையாவது கேட்டுப் பாருங்கள். 0.303 அங்குல ரவை, அதனால் அந்தப் பேர். ஜேம்ஸ் பரிஸ் லீ என்பவர் வடிவமைத்த போல்ட்டும் ரவைக்கூடும், என்ஃபீல்ட் தொழிற்சாலையின் குழலும் சேர்ந்து 1895இல் பிரித்தானிய இராணுவத்துக்குள் வந்தது. ரவைக்கூட்டில் பத்து ரவை. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் போல்ட்டைக் கையால் உயர்த்தி, இழுத்து, தள்ளி, இறக்க வேணும். இரண்டு உலகப் போரையும் பிரித்தானியப் பேரரசு இதை வைத்துத்தான் நடத்தியது. கனடாவில் செய்தார்கள், இந்தியாவில் இஷாப்பூரில் செய்தார்கள், அவுஸ்திரேலியாவில் லித்கோவில் செய்தார்கள். எல்லாம் சேர்த்து ஒரு கோடி எழுபது இலட்சம் அளவில் வரும் என்கிறார்கள். லித்கோ தொழிற்சாலை 1912இல் திறந்தது. அண்ணா வீட்டில் இருந்து நீலமலை தாண்டிப் போனால் அங்கே இப்போது ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் இரண்டு தரம் போய் வந்தவர்.

அவருக்கு விலைக்கு வந்தது லித்கோவில் செய்ததில்லை. அவுஸ்திரேலியன் இன்ரர்நஷனல் ஆர்ம்ஸ் என்ற கொம்பனி, இரண்டாம் உலகப் போர்க்கால 4ஆம் இலக்க லீ-என்ஃபீல்டைப் பார்த்து, போர் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு செய்தது. பாகங்களை வெளியே கொடுத்துச் செய்வித்து அவுஸ்திரேலியாவில் பூட்டினார்கள். தூர நின்று பார்த்தால் அச்சு அசல். கிட்டப் போனால் வித்தியாசம் தெரியும். மரம் தேக்கு. ரவை 303 இல்லை, நேட்டோவின் 7.62. ரவைக்கூடு அமெரிக்க எம்14இன் கூட்டை மாற்றி எடுத்தது. தொலைநோக்கி பூட்டுவதற்கு இரும்பில் துளை போடத் தேவையில்லை.

இதிலே ஒரு பகிடி: லித்கோவில் 4ஆம் இலக்கத்தைச் செய்ததே இல்லை. அவர்கள் கடைசிவரை பழைய 1ஆம் இலக்கத்தைத்தான் செய்தார்கள். ஆகவே 'அவுஸ்திரேலிய 4ஆம் இலக்கம்' என்று ஒரு பழைய துவக்கு உலகத்தில் இல்லை. பேரும் அப்படித்தான். இதற்கு '4ஆம் இலக்கம், மார்க் 4' என்று பேர் வைத்தார்கள். பிரித்தானிய இராணுவத்தின் 4ஆம் இலக்கம் மார்க் 2ஓடு நின்றுவிட்டது. நடக்காத ஒரு வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தை ஒரு கொம்பனி தானே எழுதி விற்றிருக்கிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பொருளாகப் பார்த்தால் இது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். எண்பது வருசப் பழைய துவக்கை வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்று அவருக்கே தெரியாது. குழல் எத்தனை ஆயிரம் வெடி பார்த்ததோ, போல்ட் அதே துவக்கின் போல்ட்தானோ, இடையில் எந்தக் களஞ்சியத்தில் எவர் எதை மாற்றிப் பூட்டினாரோ. போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையில் உள்ள இடைவெளி சரியாக இல்லாவிட்டால் ரவைக்கோது வெடித்துப் பிளக்கலாம். இதற்காகவே 4ஆம் இலக்கத்துக்கு 0 முதல் 3 வரை இலக்கமிட்ட போல்ட் தலைகள் வந்தன, தேய்ந்தால் அடுத்த இலக்கத்தைப் பூட்டு என்று. 303 ரவைக்கு அடியில் விளிம்பு இருக்கும். மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் மாட்டுப்பட்டால் துவக்கு இறுகி நிற்கும். 7.62க்கு அந்தத் தொல்லை இல்லை. ரவையும் இலகுவாகக் கிடைக்கும். கழகத்துக்குப் போய்க் காகிதத்தில் ஓட்டை போடுகிற ஒருவருக்குப் பின்னாளில் செய்ததுதான் புத்தி. மாற்று ரவைக்கூடு தேடினால் மட்டும் சுங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டி வரலாம், ஏனென்றால் அது எம்14இன் உறவு.

மறுபக்கத்தில் பாருங்கள். பெஷாவருக்குத் தெற்கே டர்ரா ஆதம் கேல் என்று ஒரு ஊர். அந்தக் கைபர் வட்டாரத்துப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தானியத் துவக்குகளைக் கையாலேயே கொப்பி அடிக்கிறார்கள். முத்திரை, எழுத்து, கிரீடம் எல்லாம் சேர்த்து. ஆங்கிலம் தெரியாத கொல்லர் வெட்டியதால் 'என்ஃபீல்ட்' என்பதில் உள்ள ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி இருக்கும். அந்தக் கொப்பியைப் பார்த்து அடுத்தவர் கொப்பி அடிக்கும்போது பிழையும் சேர்ந்து போகும். எனக்குப் பிடித்தது ஆண்டு முத்திரைதான். விக்ரோறியா மகாராணியின் முத்திரையைக் குத்திப் பக்கத்தில் 1919 என்று போட்டிருப்பார்கள். மனிசி 1901இலேயே போய்விட்டா. ஆப்கானிஸ்தானுக்குப் போன வெளிநாட்டுச் சிப்பாய்கள் பலர் சந்தையில் இவற்றைப் பழம்பொருள் என்று நம்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிலது நல்ல வேலை. பலது மெத்தின இரும்பு, நவீன ரவை போட்டுச் சுட்டால் முகத்தில் வெடிக்கும்.

ஆகவே என் முதல் அபிப்பிராயம் இதுதான்: தன் பிறந்த ஆண்டை மறைக்காத கொப்பி, பழசாக வேசம் போடும் எதையும்விட மேல். தேக்கு தேக்காகவே இருக்கட்டும். 'அசலானது, போரில் பாவித்தது' என்று செயற்கையாகத் தேய்த்துக் கூடுதல் விலைக்குத் தருவதை மட்டும் வாங்கக்கூடாது. இதை அண்ணாவுக்கு எழுதினேன்.

அவர் திருப்பி எழுதியது: "அது சரி. ஆனா ஒரு வரலாறு கையில இருக்கிற மாதிரி ஒரு ஃபீலிங்."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எந்த வரலாறு? இந்தத் துவக்கை விற்கும் விளம்பரங்களில் எல்லாம் வருவது அகழிகள், பனி, வீரர், பதக்கம். 1919 ஏப்ரலில் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் சிப்பாய்கள் வைத்திருந்ததும் இதே குடும்பத்துத் துவக்குத்தான். வாசலை அடைத்து நின்று 1650 ரவை சுட்டார்கள், ரவை குறையும்வரை. அதற்கு ஆரும் 'நினைவுப் பதிப்பு' செய்யவில்லை. அதே கொம்பனி 'ஜங்கிள் கார்பைன்' பாணியில் ஒரு குட்டைத் துவக்கும் விற்றது. அந்தப் பேரையே பிரித்தானிய இராணுவம் உத்தியோகபூர்வமாக வைக்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் 5ஆம் இலக்கம். 'ஜங்கிள்' என்ற பேரைப் பரப்பியது 1950களில் மிச்சத் துவக்குகளை வெட்டிக் குறுக்கி விற்ற ஒரு கலிஃபோர்னியாக் கொம்பனி. அந்த ஜங்கிள் எது? மலாயாவில் 1948இல் அவசரகாலம் தொடங்கியபோது இதைத் தூக்கிக்கொண்டு திரிந்த காடு. ரப்பர் தோட்டங்களில் எங்கட சனமும் வாழ்ந்த இடம். கடைக்காரருக்கு அது ஒரு கவர்ச்சியான அடைமொழி.

அம்மம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தா.

"இது பொலிசுத் துவக்கெல்லோ?"

"ஓம் அம்மம்மா, அது மாதிரி. அண்ணா வாங்கப் போறாராம்."

"காசு குடுத்தோ?"

பிறகு தானாகவே சொன்னா. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரிச் சத்தியாக்கிரகத்துக்குத் தமக்கையோடு போனவவாம். வெயிலில் நிலத்தில் இருந்த ஆக்களுக்கு முன்னால் இந்த மாதிரி நெடுந்துவக்கோடு நின்றார்களாம். சுட்டதை அவ காணவில்லை. பிடங்கைச் சீமெந்தில் ஒரேயடியாக இறக்கி வைக்கிற 'டக்' என்ற சத்தம்தான் இன்னும் காதில் இருக்காம். "மரமும் இரும்பும் சேர்ந்த சத்தம் மோனை. பூட்ஸ் சத்தம் வேற, இது வேற."

தேக்கிலும் அந்தச் சத்தம் அப்படியே வரும் என்றுதான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் கொட்டி ஒரு நீண்ட குரல்பதிவு அனுப்பினேன். கொஞ்சம் கூடத்தான் கத்திவிட்டேன். எங்கட வயதில் நாங்கள் எல்லாருக்கும் வகுப்பெடுக்கப் பழகிவிட்டோம். அதுவும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு இரவு அவரே எடுத்தார். 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அவருக்கு ஏழு வயது. நான் அப்போது பிறக்கவே இல்லை. அவர் சொன்னது கிட்டத்தட்ட இப்படி:

"எனக்கு முப்பது வயசு வரைக்கும் புதுவருச வாணம் கேட்டாலே நெஞ்சு அடிக்கும். வேலையிடத்துப் பெடியன் ஒருத்தன்தான் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். முதல் நாள் காரை விட்டு இறங்கேல்ல. பிறகு ஒருநாள் இறங்கினன். அங்க சத்தம் வரப்போகுது எண்டு எனக்குத் தெரியும். எப்ப வரும் எண்டும் தெரியும், ஏனெண்டா நான்தான் அதைப் போடுறன். ஒரு வெடி, பிறகு போல்ட்டை இழுக்கவேணும், அந்த இடைவெளியில மூச்சு விடலாம். இயந்திரத் துவக்கு எனக்கு வேண்டாம். இதுதான் வேணும். உனக்கு விளங்குதோ?"

விளங்கியது என்று பொய் சொல்லமாட்டேன். நான் பங்கருக்குள் படுத்தவன் இல்லை. ஆனால் 'வரலாறு கையில் இருக்கிற ஃபீலிங்' என்று அவர் எழுதியதை நான் விளம்பரக்காரரின் வரியாக வாசித்தது பிழை. அவர் சொன்னது வேறு வரலாறு. ஒவ்வொரு வெடிக்கும் இடையில் கை வேலை செய்ய வேண்டிய துவக்கு அவருக்கு ஏன் தேவை என்பதற்கு எந்தக் கொம்பனியின் கையேட்டிலும் பதில் இருக்காது.

அதற்காக என் அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கவும் இல்லை. நான் அவரிடம் கேட்டுக்கொண்டது மூன்று விசயம்.

வாங்குவதென்றால் அந்தப் பிற்காலத்து 7.62ஐயே வாங்குங்கள், ஆரோ ஒரு சிப்பாயின் இலக்கம் வெட்டிய பழசு வேண்டாம். ஆரின் நெஞ்சுக்கு நேரே பிடிக்கப்பட்டது என்று தெரியாத இரும்பு உங்களுக்கு எதற்கு? இதற்குள்ளாவது உங்கட கதை மட்டும் இருக்கும்.

அடுத்தது, கழகத்தில் ஆராவது பேரரசுப் பெருமை கதைத்தால் கச்சேரிக் கதையைச் சொல்லுங்கள். அவர் சிரித்தார். "அங்க எல்லாரும் கிழவங்கள், திரிக்கரைப் பற்றி மட்டும்தான் கதைப்பாங்கள்" என்றார்.

மூன்றாவதுதான் முக்கியம். குடும்பக் குழுவில் அந்தப் படத்தைப் போடாதேங்கோ. உங்களுக்கு அங்கே அது விளையாட்டு. இங்கே ஒரு பெடியனின் போனில் துவக்கோடு நிற்கும் சொந்தக்காரரின் படம் இருந்தால், கேட்கிறவருக்கு நீலமலையையும் லித்கோவையும் விளங்கப்படுத்த நேரம் கிடைக்காது. என் போனில் இருந்ததை அன்றே அழித்துவிட்டேன்.

அவர் விண்ணப்பத்தை ஆரம்பித்துவிட்டார். 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு அவுஸ்திரேலியாவில் வந்த ஏற்பாட்டின்படி இந்த வகைத் துவக்குக்குத் தகுந்த காரணம் காட்டவேணும். தற்பாதுகாப்பு காரணமாக ஏற்கப்படாது, கழக அங்கத்துவம் ஏற்கப்படும். முதல் அனுமதிக்கு 28 நாள் காத்திருப்பு. பூட்டுள்ள இரும்புப் பெட்டி வேணும், ரவை வேறாகப் பூட்டி வைக்கவேணும். பெட்டியைக் கராஜ் சுவரில் பொருத்த ஆள் வருகிறார் என்று முந்தநாள் சொன்னார். பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.