படம் எந்த ஊரில் எடுத்தது?

தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச் முதல் வாரத்தில் கைபேசி தோறும் காணொளிகள் பறந்தன. பெரிய இந்தி நாளேடு ஒன்றே அதைச் செய்தியாக்கிற்று. பீகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழுவே தமிழ்நாட்டுக்கு வந்தது.

அயல் மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இது யாரோ வீட்டுக் கதையா? 2016 செப்டம்பரில், காவிரித் தகராறின்போது, பெங்களூரில் தமிழ் இளைஞரை அடித்த காட்சியும், ராமேஸ்வரத்தில் கர்நாடக ஓட்டுநரை அடித்த காட்சியும் கை மாறிக் கை மாறிப் போயின. 12-ந் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் கொத்தாக எரிந்தன. அவையாவது உண்மைப் படங்கள். 2023-இல் வந்தவை அதுகூட இல்லை.

எப்படித் தெரிந்தது? ஆல்ட் நியூஸ் போன்ற இடங்களில் உள்ள செய்தியாளர்கள் காணொளியை நிறுத்தி, அந்தக் காட்சியையே இணையத்தில் இட்டுத் தேடினார்கள். இதே காட்சியை முதலில் போட்டது யார், எந்தத் தேதியில், எந்த மொழியில் என்று பின்னோக்கிப் போனார்கள். ஒன்று, ராஜஸ்தான் ஜோத்பூரில் பிப்ரவரியில் ஒரு வழக்கறிஞர் கொலையுண்ட காட்சி. இன்னொன்று ஐதராபாத்தில் நடந்த கொலை. கடைப் பலகையின் எழுத்தும் வண்டி நம்பரும்கூட இப்படிச் சாட்சி சொல்லும். பார்சல் ஆபீசில் பழகிய நமக்கு இது புதிதன்று. எங்கே புக் ஆனது, என்று புக் ஆனது என்று பாராமல் மூட்டையை யாராவது டெலிவரி கொடுப்பார்களா?

பீகாரிகள் தப்பி ஓடுகிறார்கள் என்று ரயில் நிலையக் கூட்டத்தையும் காட்டினார்கள். அவ்வாண்டு ஹோலி மார்ச் 8-ந் தேதி! அதற்கு முந்திய வாரம் வடக்கே போகும் வண்டியில் கால் வைக்க இடமிருக்காது என்பதை எந்த டிக்கெட் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். மெய்யாகவே பயந்து போனவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். பொய் செய்த வேலை அது.

சமூக ஊடகமே கேடு என்று சொல்லிவிடுவது சுலபம். பொய் பரவிய அதே இடத்தில்தான் அதைப் பிடிக்கும் தடயமும் கிடந்தது. ஆனாலும் கைபேசித் தேடல் பாதி வேலைதான். திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் நின்று தொழிலாளியிடம் நேரில் பேசுவது மீதிப் பாதி. காணொளி பொய் என்று நிறுவிவிட்டதாலேயே அந்தத் தொழிலாளியின் கூலிக் குறையும் மிகை நேர வேலையும் பொய்யாகிவிடா. அவற்றை எழுதத்தான் ஆளில்லை.

நமக்கு ஒரு தீங்கு நேர்ந்து அதைப் படமெடுத்தால், எடுத்தவர் கைபேசியிலுள்ள மூலத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் மாறி மாறி வரும்போது எடுத்த நேரம், இடம் பற்றிய குறிப்பு கழன்றுபோகும். பிறர் அனுப்பிய காட்சி ரத்தத்தைக் கொதிக்க வைத்தால், மற்றவருக்கு அனுப்புமுன் ஞாயிறு மாலை சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். தேடிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.