ஊர்க் கழகத்தின் கூட்டமும் புலம்பெயர் தமிழரும்

அவுஸ்திரேலியாவின் சிற்றூர்கள் பலவற்றின் எல்லையில், ஊர்ப்பெயர்ப் பலகையின் அருகே ஒரு பற்சக்கரச் சின்னமும் ஒரு சிங்கச் சின்னமும் காணப்படும். அவ்வூரில் றோட்டரிக் கழகமும் லயன்ஸ் கழகமும் இயங்குகின்றன என்பதே அவற்றின் பொருள். மெல்பேணிலும் சிட்னியிலும் றோட்டரிக் கழகங்கள் 1921 இலேயே தோன்றிவிட்டன. இன்று இரு நகரங்களின் புறநகர்களிலும் இத்தகைய கழகங்கள் பல உள்ளன. ஆயினும், தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இக்கழகத்தவர்கள் சனிக்கிழமைகளில் கடை வாசலில் சொசேஜ் சுட்டு விற்கும் முதியவர்களாக மட்டுமே அறிமுகமாகியுள்ளனர்.

கழகத்தின் வழக்கமான கூட்டம் ஆரவாரமற்றது. தலைவர் மணி அடித்துத் தொடக்கி வைப்பார். அந்நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு மதிப்புரைத்த பின் உணவு பரிமாறப்படும். சென்ற சனிக்கிழமை விற்பனையில் எவ்வளவு கிடைத்தது, அடுத்த வாரம் கூடாரம் அமைக்க யார் வருவார் என்ற அறிக்கைகள் வாசிக்கப்படும். தாமதமாக வந்தவரிடம் வேடிக்கையாகச் சில்லறை அபராதம் வசூலிப்பதும் உண்டு. விருந்தினர் ஒருவர் அரைமணி நேரம் உரையாற்றுவார். மீண்டும் மணி அடிக்கும். உறுப்பினர்களே நாற்காலிகளை அடுக்கிவைத்து விட்டுக் கலைந்து செல்வர். இதில் என்ன பெரிய பயன் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

அக்கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் வரலாறு உள்ளது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நம்போர் என்னும் சிற்றூரில் கணக்காளராகப் பணியாற்றியவர் கிளெம் ரெனூஃப். ஊர்க் கழகத்தில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்த அவர், 1978-79 இல் உலக றோட்டரி அமைப்பின் தலைவரானார். பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட செய்தி அவரைச் சிந்திக்க வைத்தது. அடுத்து எந்த நோயை ஒழிக்கலாம் என்று மருத்துவ அறிஞர் ஜோன் செவரிடம் கேட்டார். இளம்பிள்ளைவாதம் என்று பதில் வந்தது. 1979 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் அறுபது இலட்சம் பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 1985 இல் அது உலகளாவிய இயக்கமாக விரிந்தது. 1988 இல் உலக சுகாதார நிறுவனமும் ஏனைய அமைப்புகளும் கைகோத்தபோது, ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 பிள்ளைகள் இந்நோய்க்கு ஆளாகிக்கொண்டிருந்தனர். இன்று அந்நோய் இடைவிடாது நிலைத்திருக்கும் நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மட்டுமே. ரெனூஃப் 2020 இல், 99 ஆவது வயதில் காலமானார்.

இவ்வரலாறு தமிழருக்கு அந்நியமானதன்று. இலங்கையில் போர் உக்கிரமாக இருந்த 1990களில், தடுப்பு மருந்து வழங்குவதற்காகச் சில நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்த அமைதி நாட்களுக்காக யுனிசெவ் நிறுவனத்துடன் றோட்டரி அமைப்பினரும் உழைத்தனர். வடக்கு கிழக்கில் அந்நாட்களில் சொட்டு மருந்து அருந்திய குழந்தைகளுள் சிலர் இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் பெற்றோராக வாழ்கின்றனர். இந்தியாவிலும் கடைசி நோயாளி 2011 சனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் இந்நோயற்றதாக அறிவிக்கப்பட்டது.

தமிழரிடம் ஈகைக்குக் குறைவில்லை. 2004 ஆழிப்பேரலையின்போதும் 2009 பேரவலத்தின்போதும் புலம்பெயர்ந்தோர் அள்ளிக் கொடுத்தனர். ஆனால் பேரிடர் வரும்போது பொங்கியெழும் ஈகை, செய்தி ஓய்ந்ததும் தணிந்துவிடுகிறது. இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு காலம் ஒரு பணியைத் தாங்கி நின்றது உணர்ச்சிப் பெருக்கன்று. தவறாமல் கூடிக் கணக்கு வாசித்துக் கலைந்த அந்தச் சலிப்பூட்டும் கூட்டங்களே.

இக்கழகங்களிடம் கற்க வேண்டியவை வேறும் உண்டு. றோட்டரிக் கழகங்களில் ஒவ்வோர் ஆண்டும் யூலை 1 ஆம் திகதி பதவிகள் கைமாறுகின்றன. நேற்றுவரை தலைவராக இருந்தவர் நாளை கடை வாசலில் வெங்காயம் வதக்குகிறார். அதனை இழிவாக எவரும் கருதுவதில்லை. பொதுமக்களிடம் திரட்டிய நிதி ஒரு கணக்கிலும், கழக நிருவாகச் செலவுக்கான சந்தா வேறொரு கணக்கிலும் பேணப்படுகின்றன. தலைமைப் போட்டியால் இரண்டாகவும் மூன்றாகவும் பிளவுண்ட தமிழ்ச் சங்கங்களைக் கண்டு மனம் வெதும்பியவர்கள் இவ்விரு நடைமுறைகளையும் ஆழ்ந்து நோக்க வேண்டும்.

தாயகத்தில் இத்தனை துயர் இருக்கையில் பிறர் கழகத்தில் நேரம் செலவிடுவது முறையா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் நம்போர் கணக்காளர் தம் ஊரோடு நின்றிருந்தால், தமிழ்க் குழந்தைகளுக்கு அந்தச் சொட்டு மருந்து இன்னும் தாமதமாகவே வந்திருக்கக்கூடும். மேலும், பேரிடருக்குப் பின் மட்டும் அயலவரின் கதவைத் தட்டும் சமூகத்தின் குரலைவிட, அயலவரின் துயரிலும் பங்கேற்ற சமூகத்தின் குரல் தெளிவாகக் கேட்கும். கழகக் கூட்டத்தின் விருந்தினர் உரைக்குரிய அந்த அரைமணி நேரம், தமிழரின் வரலாற்றை அறியாதோர்க்கு எடுத்துரைக்கவும் உரியது. அவ்விடத்தை முதலில் உழைப்பால் ஈட்ட வேண்டும்.

இளையோருக்கும் வாயில் திறந்தே உள்ளது. 12 முதல் 18 வயது வரையினருக்கு இன்ரறக்ற் கழகங்களும், 18 வயதைக் கடந்தோருக்கு றோட்டரக்ற் கழகங்களும் உள்ளன. வார இறுதியில் தனிவகுப்பு, பரதம், தமிழ்ப் பாடசாலை என்று பிள்ளைகளை ஏற்றியிறக்கும் பெற்றோர், மாதத்தில் ஒரு மாலையை இதற்கும் ஒதுக்கலாம். மதிப்பெண் கற்பிக்காத ஒன்றை அந்த மாலை கற்பிக்கும்.

உள்ளூர்க் கழகங்கள் பலவற்றில் உறுப்பினர்கள் முதுமையடைந்து வருகின்றனர். கூடாரக் கம்பியைத் தூக்க இளங்கைகள் தேவைப்படுகின்றன. புகலிடம் தந்த மண்ணுக்குத் தமிழர் நன்றி செலுத்த, அடுத்த சனிக்கிழமை அந்தக் கம்பியின் மறுமுனையைப் பிடிப்பதே நல்ல தொடக்கமாகும்.