வலியை அளக்கும் கோல்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஆனால் பிறருடைய வலியை அறிந்து, அதற்கு நூற்றுக்கு இத்தனை என்று எண் போட்டு, முத்திரை குத்திக் கொடுக்கும் கடமை ஓர் அரசாங்கத்துக்கு வந்துவிட்டால் என் செய்வது? இந்தக் கேள்வியை மன்றத் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் இயற்பியல் முதுநிலை மாணவி. பிறந்தது மூணாற்று மலையில், தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில். என் பாட்டனார் போடிமெட்டு வழியே மலையேறிப் பிழைக்க வந்தவர். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது எங்கள் தேவிகுளம் கேரளத்தில் நின்றது. அரசியல் வழக்கு அதோடு முடிந்தது. தமிழ்க் கூலிகளின் வாழ்க்கை வழக்கு முடியவில்லை.

என் தாயார் பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றினார். இன்று வயது ஐம்பத்தொன்று. தந்தையார் நான் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். ஆறு ஆண்டுகளுக்கு முன் தாயாருக்கு முடக்குவாதம் வந்தது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டுச் சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்கும் நோய் அது. விடியற்காலையில் விரல்கள் மடங்கா. தேநீர்க் குவளையைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். வெயில் ஏற ஏற, அசைக்க அசைக்க, மூட்டுகள் சற்றே இளகும். தோட்டமோ வெயில் ஏறும்வரை காத்திருப்பதில்லை. சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டு என் சித்தியின் லயத்தில் ஒதுங்கினார்.

ஊனமுற்றோர் உதவித் தொகைக்கு மனுச் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். அக்ஷயா மையத்தில் விண்ணப்பம் பதிந்தோம். ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து நாள் குறித்து வந்தது. விடிவதற்கு முன் பஸ் ஏறினோம். பரிசோதனை அறைக்குள் நுழையும்போது பகல் பன்னிரண்டரை மணி. டாக்டர் நல்லவர், கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே நீண்ட வரிசை நின்றது. மணிக்கட்டை மடக்கச் சொன்னார்; மடங்கியது. விரல்களை மூடச் சொன்னார். முக்கால் பங்கு மூடின. கோணமானியை வைத்து அளந்தார். வலி உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். "இப்பத் தேவலைங்கய்யா" என்றார் என் தாயார்.

32 என்று எழுதினார்கள்.

2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாற்றுத் தெருவில் திரண்டு, 20 விழுக்காடு போனஸ் கேட்டுப் பெற்ற பெண்களில் என் தாயாரும் ஒருத்தி. கூலிக்காக நாள்தோறும் குரல் எழுப்பியவர் வலியைச் சொல்லக் கூசினார். பக்கத்தில் நின்ற நான், பட்டம் பெற்றவள், வாய் திறக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

32க்கும் 40க்கும் இடையே என்ன இருக்கிறது? கேரள அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் இருக்கிறது. அதற்கு 40 விழுக்காடு வேண்டும். குடும்ப வருமான வரம்பும் உண்டு. மாதம் 1600 ரூபாயாக இருந்த அத்தொகை 2025 நவம்பரில் 2000 ஆயிற்று. மைய அரசு இந்திரா காந்தி பெயரால் நடத்தும் திட்டத்துக்கோ 80 விழுக்காடு வேண்டும். அது தருவது 300 ரூபாய். செல்வர் வீட்டில் இவை சில்லறை. எங்கள் வீட்டில் 2000 ரூபாய் என்பது மருந்தும் பஸ் கட்டணமும் ஆகும்.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது. அந்த 21இலும் மூட்டுவாதம் என்ற பெயர் இல்லை. மூட்டு நோயாளி அசைவுக் குறைபாடு என்ற வாசல் வழியாகவே நுழைய வேண்டும். மூட்டு எவ்வளவு வளைகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்பவையே அங்கு முதன்மையான அளவுகள். 2001இல் மைய அரசு வெளியிட்ட நெறிமுறையில், காலைப் பொறுத்தவரை வலிக்கும் மதிப்பெண் இருந்தது: கடும் வலிக்கு 9, நடுத்தர வலிக்கு 6, இலேசான வலிக்கு 3. ஆனால் வலி, கோணல், உணர்விழப்பு எல்லாம் சேர்ந்தும் 10க்கு மேல் போகலாகாது. வலி என்பது அங்கே விருந்தில் ஊறுகாய்!

அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்றவர் யார் என்று சொல்லும்போது, நீண்ட நாள் குறைபாடு ஒன்று சூழலின் தடைகளோடு மோதி, பிறரைப் போல் ஒருவர் சமூகத்தில் முழுமையாகப் பங்குகொள்ள முடியாமல் செய்வதையே கூறுகிறது. எவ்வளவு நல்ல விளக்கம்! மலைச் சரிவும் பனியும் எங்கள் தடைகள். கோணமானி அவற்றைக் காணுமா?

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு முறை அளந்து ஏட்டில் எழுதினால் ஆசிரியர் ஏட்டைத் திருப்பித் தருவார். பல முறை அள, சராசரி காண், பிழையின் அளவையும் குறி என்பார். கம்பியின் நீளத்துக்கே இந்த நீதி என்றால், காலையில் ஒன்றாகவும் நண்பகலில் வேறாகவும் இருக்கும் மனிதக் கைக்கு ஒரு நாள், ஒரு வேளை, ஓர் அளவு போதுமா?

வேறு வழி இல்லையா? பிரிட்டனில் 2013இல் வந்த உதவித் திட்டம் வேறு விதமாகக் கேட்கிறது. ஒரு செயலை ஆபத்தின்றி, போதிய தரத்தில், மீண்டும் மீண்டும், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா? பாதி நாட்களுக்கு மேல் முடியாமற் போகிறதா? அங்கும் குறைகளும் புலம்பல்களும் உண்டு. ஆயினும் கேள்வி சரியான கேள்வி. "ஒரு முறை மடக்கு" என்பதற்கும் "நாள் முழுதும் மடக்க முடியுமா" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

வலியை நம்பினால் பொய்யர்கள் புகுந்துவிடுவார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொது மக்கள் பணம் தகுதியுள்ளவர்க்கே போய்ச் சேர வேண்டும். எல்லைக் கோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோட்டைச் சரியான இடத்தில் போட வேண்டும் என்கிறேன். சிகிச்சை செய்த டாக்டரின் பல மாதக் குறிப்பு, இரத்தப் பரிசோதனை, காலை வேளைப் பரிசோதனை, அன்றாடச் செயல்களைப் பற்றிய விசாரணை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பொய் தங்காது, மெய்யும் தப்பாது.

மொழியின் இடர் தனி. என் தாயாருக்குக் கடைத்தெரு மலையாளம் தெரியும். ஆனால் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல் என்று தமிழில் வலிக்கு உள்ள பெயர்களை மலையாளத்தில் பிரித்துச் சொல்லத் தெரியாது. பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் அத்தைக்கு முழங்கால் தேய்மானம். வைத்தியம் கோயம்புத்தூரில், ரேஷன் அட்டை கேரளத்தில். "எந்த ஊர்ச் சீட்டை எந்த ஊர் ஏற்கும்?" என்று மனுவே போடாமல் இருக்கிறார். ஊனச் சான்றிதழ் இந்தியா முழுதும் செல்லும் என்று அவரிடம் சொன்னவர் எவரும் இல்லை.

1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் தனி உரிமை தந்தது. தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் நாம் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? பயன்படுத்தாத உரிமை துருப்பிடித்த கத்தி.

இன்னொன்று. சான்றிதழின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்ய 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. எங்களுக்கு அன்று அதை யாரும் சொல்லவில்லை. நானே படித்து அறிந்தேன். மேல்முறையீட்டுக்கு ஆயத்தமாகிறோம். தாயாரின் காலைப் பொழுதை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதுகிறார் என் சித்தி: இன்று பொத்தான் போட முடிந்ததா, சோறு பிசைய முடிந்ததா, எத்தனை மணிக்கு விரல் மடங்கியது என்று. வலிக்கிறதா என்று கேட்டால் இனித் தேவலை என்று சொல்வதில்லை எனத் தாயாரும் வாக்களித்திருக்கிறார். முடிவு எதுவானாலும் அந்த ஏடு பொய் சொல்லாது.

விடுமுறைக்கு மூணாற்றுக்கும் பீர்மேட்டுக்கும் சித்தூருக்கும் செல்லும் தோழர்களே! லயத்துக்கு ஒருவர் இப்படி ஓர் ஏடு எழுதத் துணை செய்யுங்கள். மனுவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். பரிசோதனை அறைக்குள் கூடச் செல்லுங்கள். சென்றால், என்னைப் போல் வாய் மூடி நிற்காதீர்கள்.